சாண்டோரினியில் எல்லோரும் பார்க்கச் சொல்லும் ‘கால்டெரா’ என்பது என்ன?

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் ‘கால்டெரா’ எனப்படுவது, எரிமலையின் மேற்பகுதி உள்வாங்கிச் சரிந்ததால் உண்டான பெரும் பள்ளம். இன்று அதில் கடல் நிறைந்திருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் நிலத்தடிப் பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறிவிட, தாங்குவதற்கு ஏதுமின்றி மேலிருந்த நிலம் அமிழ்ந்தது. உப்பிய பூரியில் துளை விழுந்து ஆவி வெளியேறியதும் அதன் மேற்புறம் அமுங்கிவிடுவதைப் போன்றது இது.

ஃபிரா, ஓயா ஆகிய ஊர்களின் வெள்ளை வீடுகள் அந்தப் பள்ளத்தின் செங்குத்தான விளிம்பில்தான் நிற்கின்றன. ஓயாவில் சூரியன் மறையும் காட்சிக்குக் கூட்டம் திரள்வது இயல்பே. ஆயினும் ஒரே நாள் மட்டும் இருப்பவர்களை நான் முதலில் அக்ரோதிரிக்குத்தான் போகச் சொல்வேன். அதே வெடிப்பின் சாம்பலில் புதைந்து, 1967-இல் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட அந்த ஊரில் மாடி வீடுகளும் தெருக்களும் வடிகால்களும் பெரிய சேமிப்புச் சாடிகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. வெடிப்பில் சிக்கிய மனித உடல்கள் அங்கே கிடைக்காததால், மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பள்ளத்தின் நடுவிலுள்ள நெயா கமேனி என்னும் கருந்தீவுக்குப் படகில் சென்று எரிமலை வாய் வரை நடக்கலாம். இந்த எரிமலை என்றோ அணைந்துவிட்டது என்று பலர் எண்ணுவது தவறு. அது கடைசியாக வெடித்தது 1950-இல்தான்.