வாசகர் கேள்வி: மருதாணியில் எந்த முறையை முதலில் கற்பது?

கேள்வி: உறவினர் வீட்டு விசேஷங்களில் மருதாணி இட்டுப் பழகியிருக்கிறேன். இதைத் தொழிலாகவே செய்ய விரும்புகிறேன். அரபு, ராஜஸ்தானி, மொராக்கோ எனப் பல முறைகளைச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: பூவா, மயிலா என்று உருவங்களைப் பார்ப்பதைவிட, கையில் எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுகிறார்கள் என்று பார்த்தால் இந்த முறைகளின் வேறுபாடு உடனே பிடிபடும். அரபு முறையில் மணிக்கட்டின் ஓரத்திலிருந்து ஆட்காட்டி விரல் நுனிவரை ஒரே கொடி சாய்வாக ஓடும். தடித்த வெளிக்கோடும் உள்ளே நிழலிட்ட இதழ்களுமாகப் பூக்கள் பெரிதாக அமையும். மற்ற இடம் வெறுமையாகவே இருக்கும். ராஜஸ்தானி முறையில், அதிலும் மணப்பெண்ணுக்கு இடும்போது, விரல் நுனி முதல் முழங்கை வரை மாங்காய், மயில், யானை, மணமக்கள் உருவம், இவற்றுக்கு நடுவே நுண்ணிய வலைக்கட்டங்கள் என இடைவெளியே தெரியாதபடி நிரப்புவார்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகர முறையில் சாய்சதுரங்களும் முக்கோணங்களுமே மிகுதி. அங்கே கோனுக்குப் பதிலாகச் சிரிஞ்சால் இடும் வழக்கமும் உண்டு.

அரபு முறை சுலபம், அதனால் அதிலிருந்து தொடங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். அதிலிருந்து தொடங்குங்கள் என்பது சரி. சுலபம் என்பதுதான் சரியில்லை. நெருக்கமான ராஜஸ்தானி வேலையில் ஒரு கோடு பிசகினால் பக்கத்தில் நான்கு புள்ளி வைத்து மறைத்துவிடலாம். அரபுக் கொடியில் கை நடுங்கியது அப்படியே தெரியும் என்பதால், கோடு அதில்தான் திருந்தும். கோனின் நுனியைத் தோலில் அழுத்தாமல் சற்றே உயர்த்திப் பிடித்து, விழுது நூல்போல் இறங்கிப் படியும்படி இழுங்கள். கோட்டை முடிக்கும்போது பிழிவதை முதலில் நிறுத்திவிட்டு, பிறகு நுனியைத் தூக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு வால் முளைக்கும். அச்சிட்ட வடிவத்தின்மேல் அக்ரிலிக் தகடு வைத்துப் பழகினால், துடைத்துத் துடைத்து மீண்டும் போடலாம்.

அடுத்ததாக மொராக்கோக் கட்டங்களைப் பழகுங்கள். இடத்தைச் சமமாகப் பகுக்கும் கண் அதில் வரும். அந்தக் கண் இல்லாமல் ராஜஸ்தானி மணப்பெண் கைக்குப் போனால், இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்றின் மயில் மற்றதன் மயிலைவிட ஓர் அங்குலம் கீழே நிற்கும். அரைத்த இலையை உள்ளங்கையில் வட்டமாக வைத்து, சுற்றிலும் பொட்டிட்டு, விரல்களுக்குத் தொப்பி போடும் நம் பாட்டிமார் முறையையும் விட்டுவிடாதீர்கள். அதன் அழகே தனி.

கேள்வி: நான் குழைக்கும் மருதாணி ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறது. கறுப்பு மருதாணி கலந்துகொள்ளலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: கலக்கவே வேண்டாம். சில மணி நேரத்திலேயே கறுக்கும் கோன்களில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற தலைச்சாய வேதிப்பொருள் இருக்கும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும், சிலருக்குத் தலைச்சாயமே வாழ்நாள் முழுதும் ஒவ்வாமல் போகும். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் முதலில் ஆரஞ்சாகவே பற்றி, 2 நாட்களில்தான் அடர்ந்த செம்பழுப்பாகும். அதனால் திருமணத்துக்கு 2 நாள் முன்பே இட்டுவிடுவது நல்லது.

நிறம் அதற்குப் பிறகும் வெளிறியே இருந்தால் பொடி பழையதாக இருக்கலாம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற ராஜஸ்தானின் சோஜத் மருதாணி போன்ற புதிய பொடியை மெல்லிய துணியில் சலித்து, எலுமிச்சைச் சாறு, சிறிது சர்க்கரை, சில துளி நீலகிரித் தைலம் சேர்த்துக் குழைத்து, இரவு முழுவதும் மூடி வையுங்கள். கையில் 6 முதல் 8 மணி நேரம் இருந்தபின் சுரண்டி எடுக்க வேண்டும். அன்று முழுவதும் தண்ணீர் படக் கூடாது. உள்ளங்கையில் தோல் தடித்திருப்பதால் நிறம் அங்கே நன்கு ஏறும். புறங்கையில் அதே அடர்த்தி வராது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.