மிதவைப் புள்ளிச் சோதனை நிரலுக்கு முழு எண் வகைகளை வரையறுப்பது எப்படி?

கேள்வி: மிதவைப் புள்ளி அலகை (செயலியில் பின்ன எண்களைக் கணக்கிடும் பகுதியை) சோதிக்கும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். சரியான விடையை முழு எண் கணக்கால் கண்டறிந்து, வன்பொருள் தரும் விடையோடு அது ஒப்பிடுகிறது. 32 பிட்டுக்கு அன்சைன்ட் லாங், 64 பிட்டுக்கு அன்சைன்ட் லாங் லாங் என்று டைப்டெஃப் செய்திருந்தேன் (அவ்வகைகளுக்கு என் பெயர்களைச் சூட்டியிருந்தேன்). விண்டோஸில் எல்லாச் சோதனைகளும் தேறின. 64 பிட் லினக்ஸில் சில கூட்டல்களின் கடைசி பிட் மாறுகிறது. விடை துல்லியமாக இருக்கும் இடத்திலும் 'துல்லியமற்றது' என்ற கொடி எழுகிறது. யூஇன்ட்_ஃபாஸ்ட்32_டி என்று மாற்றியும் பயனில்லை. வகைகளை எப்படி வரையறுக்க வேண்டும்?

பதில்: சி மொழித் தரம் லாங் வகைக்குக் குறைந்தது 32 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது, அதற்கு மேல் எத்தனை என்பதைக் கம்பைலரும் இயங்குதளமும் தீர்மானிக்கின்றன. 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட்டாகவே இருக்கிறது, 64 பிட் லினக்ஸில் அது 64 பிட். நீங்கள் மாற்றிப் பார்த்த யூஇன்ட்_ஃபாஸ்ட்32_டி என்பதும் 'குறைந்தது 32 பிட் கொண்ட, வேகமான வகை' என்றே பொருள்படும். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் குனு சி நூலகம் அதை 64 பிட்டாகவே வரையறுத்திருப்பதால், நீங்கள் ஒரு 64 பிட் வகையை விட்டு இன்னொரு 64 பிட் வகைக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

அகலம் கூடினால் விடை ஏன் கெட வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இத்தகைய நிரல்களில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததே. இரண்டு எண்களைக் கூட்டும்போது சிறிய எண்ணின் பின்னப் பகுதியை வலப்புறம் நகர்த்தி, இரண்டின் அடுக்குகளையும் சமமாக்குகிறோம். அப்போது வெளியே விழும் பிட்டுகளில் ஒன்றாவது 1 ஆக இருந்தால், அந்தச் செய்தியைக் கடைசி பிட்டில் 1 என்று ஒட்டிவைக்க வேண்டும். ரவுண்டிங் செய்யும்போது, அதாவது விடையை இருக்கும் பிட்டுகளுக்குள் அடங்கும் எண்ணாக மாற்றும்போது, அந்த ஒட்டுப் பிட் தேவைப்படும். நகர்த்தும் தொலைவு 1 முதல் 31 வரை இருக்கும்போது இதற்கு வழக்கமாக எழுதப்படும் கோவை இது (அ என்பது நகர்த்தப்படும் எண், தொ என்பது தொலைவு):

(அ >> தொ) | ((அ << (32 − தொ)) != 0)

இடப்புறம் நகர்த்தும்போது 32 பிட்டுக்கு வெளியே போவதெல்லாம் மறைந்துவிடும், விழப்போகும் பிட்டுகள் மட்டுமே எஞ்சும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட கோவை அது. அ என்பது 512, தொ என்பது 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 512-ஐ 8 இடம் வலப்புறம் நகர்த்தினால் 2. விழும் பிட்டுகள் எல்லாம் சுழியம். ஆகவே விடை 2. 32 பிட் வகையில் அதுவே வருகிறது. 64 பிட் வகையிலோ, 512-ஐ 24 இடம் இடப்புறம் நகர்த்தினாலும் எதுவும் மறைவதில்லை, அந்த 1 மேல்பாதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோவை 'சுழியமல்ல' என்று தீர்ப்பளிக்க, விடை 3 ஆகிவிடுகிறது. இதே காரணத்தால் 256-உடன் 1-ஐக் கூட்டும் எளிய கணக்கில்கூடப் பொய்யான ஒட்டுப் பிட் உருவாகும். 257 என்பது துல்லியமான விடையாக இருந்தும் கொடி எழும். மேல்நோக்கி ரவுண்டிங் செய்யும் முறையில் 257-க்கு அடுத்த எண்ணே விடையாக வந்து நிற்கும். அருகிலுள்ள எண்ணுக்கு ரவுண்டிங் செய்யும் முறையில் சரிபாதியாக அமையும் விடைகள் மட்டும் பிசகும் என்பதால்தான், உங்களுக்கு எல்லாக் கூட்டல்களும் அல்லாமல் 'சில' மட்டும் தவறின.

ஆகவே உங்கள் நிரலுக்கு இரண்டு குடும்பங்களாக வகைகள் வேண்டும், அவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. எண்ணின் பிட் வடிவத்தைத் தாங்கும் மாறிகளுக்குச் சரியாக அத்தனை பிட் கொண்ட வகை. அடுக்கு, நகர்த்தும் தொலைவு, சோதனை எண்ணிக்கை போன்றவற்றுக்குக் குறைந்தது அத்தனை பிட் கொண்ட வகை. ஜான் ஹவுசர் எழுதிய சாஃப்ட்ஃப்ளோட் (மிதவைப் புள்ளிக் கணக்கை மென்பொருளால் செய்வது), டெஸ்ட்ஃப்ளோட் (மிதவைப் புள்ளி அலகைச் சோதிப்பது) தொகுப்புகளின் இரண்டாம் வெளியீட்டிலேயே இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது: 'பிட்ஸ்32', 'பிட்ஸ்64' என்பவை சரியான அகலத்துக்கும், 'இன்ட்32', 'யூஇன்ட்16' என்பவை குறைந்தபட்ச அகலத்துக்கும் என்று, ஒவ்வொரு செயலிக்கும் தனித் தலைப்புக் கோப்பில் அவை வரையறுக்கப்பட்டன. 2015-இல் வந்த மூன்றாம் வெளியீடு அந்த ஏற்பாட்டை விட்டு, சி99 தரத்தின் எஸ்டிடிஇன்ட்.ஹெச் கோப்பில் உள்ள பெயர்களுக்கு மாறியது. இன்று புதிதாக எழுதும் நீங்களும் அதையே செய்யலாம்: பிட் வடிவத்துக்கு யூஇன்ட்32_டி, யூஇன்ட்64_டி, எண்ணிக்கைகளுக்கு ஃபாஸ்ட் அல்லது லீஸ்ட் (குறைந்தது அத்தனை பிட் கொண்ட, மிகச் சிறிய) வகைகள்.

சரியான அகலமுள்ள வகையை அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இன்ட் வகையை விடக் குறுகிய எதுவும் கணக்கில் நுழையும்போது தானாகவே இன்ட் ஆக உயர்ந்துவிடும் என்பது சி மொழியின் விதி. யூஇன்ட்16_டி வகை மாறிகள் இரண்டில் 65535 இருக்கிறது என்று வையுங்கள். அவற்றைப் பெருக்கினால் 4294836225 வர வேண்டும், ஆனால் பெருக்கல் நடப்பது குறியுள்ள 32 பிட் இன்ட் வகையில், அதன் உச்சம் 2147483647. நடத்தை வரையறுக்கப்படாத நிலைக்கு நிரல் போய்விடுகிறது, அதன் பிறகு கம்பைலர் எதைச் செய்தாலும் கேட்க முடியாது. பெருக்கும் முன்பே ஒன்றை யூஇன்ட்32_டி ஆக மாற்றிவிடுங்கள். இன்ட் 64 பிட்டாக அமைந்த கணினி ஒன்றில் யூஇன்ட்32_டிக்கும் இதே உயர்வு நேரும். சாஃப்ட்ஃப்ளோட் மூன்றாம் வெளியீடு மேலே சொன்ன கோவையில் இடப்புறம் நகர்த்திய விடையை மறுபடியும் யூஇன்ட்32_டி ஆக வெளிப்படையாக மாற்றிய பிறகே சுழியத்தோடு ஒப்பிடுகிறது. அகலம் விடையைப் பாதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்த மாற்றத்தை எழுதிவைக்கும் பழக்கத்தை நான் வலியுறுத்துவேன்.

நகர்த்தும் தொலைவு 32 அல்லது அதற்கு மேல் போகும் நிலையைத் தனிக் கிளையாகக் கையாளுங்கள். எக்ஸ்86 செயலி 32 பிட் எண்ணை நகர்த்தும்போது தொலைவின் கீழ் 5 பிட்டுகளை மட்டும் பார்ப்பதால், 32 இடம் நகர்த்தச் சொன்னால் எண் அப்படியே திரும்பி வரும். 32 பிட் ஆர்ம் செயலியில் சுழியம் வரும். தரம் இரண்டையும் உறுதி செய்யவில்லை.

குறி பிட்டைப் பிரித்தெடுக்கும் இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 64 பிட் எண்ணின் மேல் பிட்டை முகமூடியிட்டு எடுத்து, 8 பிட் வகையாக வரையறுத்த 'கொடி' மாறியில் நேரடியாகப் போட்டால் கீழ் 8 பிட்டுகள் மட்டுமே தங்கும்; எல்லா எண்ணும் மிகை எண்ணாகிவிடும். 63 இடம் வலப்புறம் நகர்த்திய பிறகு போடுங்கள், அல்லது சி99 தரும் பூல் வகையைப் பயன்படுத்துங்கள். மாறிலிகளிலும் கவனம் தேவை: வெறும் 1-ஐ 52 இடம் நகர்த்தினால் அந்தக் கணக்கு 32 பிட் இன்ட் வகையில் நடக்க முயலும். யூஇன்ட்64_சி என்ற மேக்ரோவுக்குள் 1-ஐ வைத்து நகர்த்துங்கள்.

சோதனை எண்களை ஃப்ளோட், டபுள் மாறிகளாக நிரல் முழுவதும் கடத்தாமல் பிட் வடிவங்களாகவே கடத்த வேண்டும் என்பதற்குத் திடமான காரணம் உண்டு. எக்ஸ்86 செயலிகளின் பழைய மிதவைப் புள்ளி அலகான எக்ஸ்87, சமிக்ஞை தரும் நேன் ('எண்ணல்ல' என்று குறிக்கும்) மதிப்பு ஒன்றை ஃப்ளோட்டாகவோ டபுளாகவோ நினைவகத்திலிருந்து ஏற்றும்போதே அதை அமைதியான நேனாக மாற்றிவிடும். சோதனை தொடங்கும் முன்பே உள்ளீடு மாறிப்போகும். சோதிக்கப்படும் செயலைச் செய்யும் அந்த ஓரிடத்தில் மட்டும், பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி வழியாக மாற்றுங்கள். சுட்டியை வேறு வகைக்கு மாற்றிப் படிப்பது மொழியின் விதியை மீறுவதால், ஜிசிசி போன்ற கம்பைலர்கள் மேம்படுத்தலின்போது அதைக் குலைத்துவிடக்கூடும்.

80 பிட் எண்ணை ஒரு 64 பிட் உறுப்பும் ஒரு 16 பிட் உறுப்பும் கொண்ட ஸ்ட்ரக்ட்டாகவும், 128 பிட் எண்ணை இரண்டு 64 பிட் உறுப்புகளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் 80 பிட் லாங் டபுள் 32 பிட் எக்ஸ்86-இல் 12 பைட்டும், 64 பிட்டில் 16 பைட்டும் பிடிக்கிறது. எஞ்சிய பைட்டுகளில் என்ன இருக்கும் என்பதற்கு உறுதியில்லாததால், முழு அளவையும், பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் மெம்கம்ப் கொண்டு ஒப்பிட்டால் பொய்யான தோல்விகள் வரும். 10 பைட்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

எஸ்டிடிஇன்ட்.ஹெச் இல்லாத பழைய கம்பைலருக்கும் நிரலைக் கொண்டுபோக வேண்டுமானால், வகைகளையெல்லாம் ஒரே தலைப்புக் கோப்பில் உங்களுக்கே உரிய முன்னொட்டோடு வரையறுத்து, அளவைக் கம்பைல் நேரத்திலேயே சோதியுங்கள். சி11 தரத்தில் _ஸ்டாட்டிக்_அசர்ட் இருக்கிறது. அதற்கு முந்தைய கம்பைலர்களில், அளவு சரியானால் 1, தவறினால் −1 என்ற நீளம் கொண்ட சார் அணி ஒன்றை டைப்டெஃப் செய்தால், தவறான இடத்தில் கம்பைல் நின்றுவிடும். அளவைக் கணக்கிடும்போது சைஸ்ஆஃப் மதிப்பை 8-ஆல் பெருக்காமல், சார் வகையில் எத்தனை பிட் என்பதைச் சொல்லும் சார்_பிட் மாறிலியால் பெருக்குங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000 செயலிகளில் சார் வகையே 16 பிட், அங்கே யூஇன்ட்8_டி என்ற வகை கிடையாது, யூஇன்ட்_லீஸ்ட்8_டி மட்டுமே உண்டு.

விடைகளை அச்சிடும்போது பிரின்ட்எஃப்பில் 'எல்' அல்லது 'எல்எல்' என்று கையால் எழுதாமல், இன்ட்டைப்ஸ்.ஹெச் கோப்பில் உள்ள மேக்ரோக்களைப் பயன்படுத்தி, 64 பிட் எண்ணை 16 பதினாறடிமான இலக்கங்களாக, முன்சுழியங்களோடு அச்சிடுங்கள். லினக்ஸ் வெளியீட்டையும் விண்டோஸ் வெளியீட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டால், எந்த உள்ளீட்டில் விடைகள் பிரிகின்றன என்பது நேராகத் தெரிந்துவிடும். முதலில் 256-உடன் 1-ஐக் கூட்டும் கணக்கை நான்கு ரவுண்டிங் முறைகளிலும் ஓட்டிப் பாருங்கள். இப்போதுள்ள நிரல் லினக்ஸில் அந்தக் கணக்கிலேயே பொய்யான கொடியைக் காட்டும்.