மூன்று வாளித் தண்ணீர்

கேள்வி: வீட்டிலேயே பருத்தித் துப்பட்டாவுக்கு முடிச்சுச் சாயம் போட்டு இரண்டு வருஷமாக விற்கிறேன். கோல்டு பிராண்ட் (சூடாக்காமல் பச்சைத் தண்ணீரிலேயே போடுகிற) ரியாக்டிவ் சாயம்தான். போன மாதம் கொடுத்த 12 துப்பட்டாவில் 7 திரும்பி வந்துவிட்டது. முதல் சலவையிலேயே சிவப்பு ஒழுகி, ஒருத்தருடைய வெள்ளைச் சுடிதாரையும் கெடுத்துவிட்டதாம். கடைசியில் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தும் சாயம் நிற்கவில்லை. கலப்பது, முக்குவது எல்லாம் நானே அளந்துதான் செய்கிறேன். அலசுவதை மட்டும் அத்தை பார்த்துக்கொள்வார், மூன்று வாளித் தண்ணீரில் முடித்துவிடுவார். அந்தக் காலத்தில் போர்வைத் தறிக்குத் தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல்) சுற்றியவர், இதெல்லாம் அவருக்குப் புரியாது. வீட்டுக்காரர் ‘போதும், நிறுத்து’ என்கிறார். சாயத்தை மாற்றட்டுமா? அவரை எப்படிச் சமாளிப்பது?
– சென்னிமலைப் பக்கத்து வாசகி

பதில்: சாயத்தை மாற்ற வேண்டாம், அம்மணி. வீட்டுக்காரர் கதைக்கு அப்புறம் வரலாம். ‘அலசுவதை மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘மட்டும்’ எங்கிருந்து வந்தது?

சாயம் ஒழுகுகிறது என்று வருகிற கடிதங்கள் எல்லாமே சாயத்தின் பெயரைச் சொல்லும், உப்பின் அளவைச் சொல்லும். அலசியது யார், எத்தனை தண்ணீரில் என்று ஒன்றிலும் இருக்காது. நீங்கள் எழுதிவிட்டீர்கள். மாமியாரைக் குறை சொல்லத்தான் எழுதினீர்கள், ஆனால் காட்டிக்கொடுத்தது உங்களைத்தான்.

ரியாக்டிவ் சாயத்தில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் பொடி) சேர்ந்ததும் ஒரு பங்கு நூலோடு பிணைந்துவிடும், அது அப்புறம் போகாது. இன்னொரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். செத்த சாயம் இனி எந்த நூலையும் பிடிக்காது. ஆனால் சும்மா கிளம்பியும் போகாது, இழைக்குள்ளே உட்கார்ந்திருக்கும். நீங்கள் எத்தனை துல்லியமாக அளந்தாலும் கால் பங்கு, சில சமயம் அதற்கு மேலேயும் இப்படித் தங்கும். சுடிதாரைக் கெடுத்தது அதுதான். அதை வெளியேற்றுவது அலசுகிற கை ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். 12 துப்பட்டா ஏறக்குறைய 2 கிலோ வரும். கிலோவுக்கு 20 லிட்டர் வீதம் சாயக்கரைசலே 40 லிட்டர். வழக்கமான அளவில் போட்டிருந்தால் அதில் 2 கிலோ உப்பு, 800 கிராம் சோடா. அத்தைக்கு நீங்கள் விட்டது மூன்று வாளி. 15 லிட்டர் வாளி என்றால் 45 லிட்டர். அது ஒரே ஒரு அலசலுக்குத்தான் காணும். இந்தத் துணிக்கு ஆறு அலசல் வேண்டும்.

அவர் மூன்றோடு நிறுத்தியது தெரியாமல் இல்லை. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று அந்த வீட்டில் அவருக்குத்தான் தெரியும். இத்தனை தண்ணீர் தேவை என்று நீங்கள் ஒரு நாளாவது சொன்னீர்களா? தார் சுற்றியவருக்குப் புரியாது என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே! தாரைத் தொய்வாகச் சுற்றினால், அதைச் சுமந்துகொண்டு தறியில் நாடா ஓடும்போது இழை கொத்தாகக் கழன்று விழும். அது விழாமல் சுற்றின விரல் அது. அந்த வேலைக்குத் தனிக்கூலி கிடையாது, போர்வைக் கூலியிலேயே அடக்கம். அப்படி அடக்கத்திலேயே காலம் தள்ளினவரை நீங்களும் ஒரு ‘மட்டும்’ போட்டு அடக்கிவிட்டீர்கள். சோடாத் தண்ணீர் பி.எச். 11 பக்கம் இருக்கும், தோலை அரிக்கும். சாயம் கலக்கும்போது உங்கள் கையில் கையுறை இருக்கும் என்றே நினைக்கிறேன். கல்லடியில் அவர் கையில் இருந்ததா?

சரி, வேலைக்கு வருவோம். முதல் மூன்று அலசலும் பச்சைத் தண்ணீரில்தான், ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர், ஐந்து நிமிஷம் புரட்டிப் பிழிய வேண்டும். உப்பும் சோடாவும் போகாமல் துணியைச் சூட்டில் வைக்கக் கூடாது. உப்பு இருக்கிறவரை செத்த சாயம் இழையை விடாது. சோடாவோடு கொதித்தால் நன்றாகப் பிடித்த சாயத்திலும் கொஞ்சம் விட்டுப்போகலாம். மூன்றாவது தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லி வினிகர் விடலாம். அது சோடாவை முறிக்க மட்டுமே. பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற ஆசிட் சாயத்துக்குத்தான் வினிகர் உதவும், பருத்தியில் ரியாக்டிவ் சாயத்தை அது நிறுத்தாது. கடைசியில் உப்பில் ஊறவைத்தீர்களே, அது இன்னும் மோசம். போக வேண்டிய சாயத்தை நீங்களே பிடித்து உட்காரவைத்து அனுப்பியிருக்கிறீர்கள். வாங்கினவர் வீட்டில் உப்பில்லாத தண்ணீர் பட்டதும் அத்தனையும் இறங்கிவிட்டது.

நான்காவது தண்ணீர்தான் உயிர். தனி எவர்சில்வர் அண்டாவில் (சோறு பொங்குகிற அண்டாவைத் தொடாதீர்கள்) தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் நான்-அயானிக் சோப்புத் திரவம் (மின்னேற்றம் இல்லாத வகை, கட்டிச் சோப்பு அல்ல) விட்டு, துணியைக் கால் மணி நேரம் புரட்டுங்கள். தண்ணீர் ரத்தம் மாதிரி சிவக்கும். பயந்து எடுத்துவிடாதீர்கள், அது இறங்கத்தான் இந்தப் பாடு. பிறகு ஒரு வெந்நீர், ஒரு பச்சைத் தண்ணீர். ஆக 240 லிட்டர், 16 வாளி. அடர்ந்த சிவப்புக்கும் டர்காய்ஸ் நீலத்துக்கும் சோப்புக் கொதி இரண்டு தடவை வேண்டியிருக்கும், தண்ணீரும் கூடும்.

உங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் பருப்பு வேகுமா? வேகாதென்றால் அந்தத் தண்ணீரைச் சாயத்துக்கும் சோப்புக் கொதிக்கும் எடுக்காதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சாயத்தைத் திரட்டிவிடும். கட்டிச் சோப்பு போட்டால் அதுவும் திரிந்து துணிமேல் படியும். ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வையுங்கள். இல்லையென்றால் அந்தச் சுண்ணாம்பைக் கட்டிப்போட, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்துகொள்ளுங்கள். முதல் மூன்று அலசலுக்கு அந்த போர்த் தண்ணீரே போதும்.

முடிந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. துப்பட்டாவின் ஒரு மூலையை நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அது உலரும்வரை அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் மறுபடி அண்டாவுக்கு. திரும்பி வந்த ஏழு துப்பட்டாவையும் தூக்கிப் போடாதீர்கள், இப்படியே கொதிக்கவைத்தால் தேறும். அந்தச் சுடிதார் பருத்தியானால் அதையும் கேட்டு வாங்கி வந்து சோப்புக் கொதியில் போடுங்கள். ஏறியிருப்பது செத்த சாயம்தானே, பெரும்பாலும் இறங்கிவிடும்.

இன்னொன்று. இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது? பொடக்காலி (புழக்கடை) தென்னைக்கு என்றால் தடவைக்கு 2 கிலோ உப்பை அதன் காலடியில் கொட்டுகிறீர்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் என்ன ஆனதென்று பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியாததல்ல. முடிச்சுச் சாயத்துக்குத் தொட்டியே தேவையில்லை. லிட்டருக்கு 50 கிராம் சோடா கரைத்த தண்ணீரில் முடிச்சுப் போட்ட துணியை 20 நிமிஷம் ஊறவைத்துப் பிழியுங்கள். கெட்டியாகக் கரைத்த சாயத்தை அதன்மேல் ஊற்றி, பாலித்தீனில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு நன்றாகவே பிடிக்கும், ஒரு கிராம் உப்பு வேண்டாம். அலசல் மட்டும் அதேதான். விற்கிற அளவுக்குச் செய்வதால், அனுமதி பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி வீட்டுக்காரர். பெற்ற தாய் இரண்டு வருஷம் கல்லடியில் குனிந்து அலசினபோது வாய் திறக்காதவர், துணி திரும்பி வந்ததும் ‘நிறுத்து’ என்கிறார். அவரைச் சமாளிக்கிற வேலையே வேண்டாம். 16 வாளியும் தூக்குவது அவர் பாடு, அண்டாவுக்கு அடுப்பு மூட்டுவதும் அவர் பாடு. கல்லடியில் நீங்கள் நில்லுங்கள். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து இஸ்திரிச் சோதனை பார்க்கட்டும், அவர் சரி என்று சொல்லாத துப்பட்டா வாசல் தாண்டக் கூடாது. துப்பட்டாவுக்கு இத்தனை ரூபாய் என்று அவருக்குக் கூலி வையுங்கள். எத்தனை என்று நீங்களாக முடிவு செய்யாமல் அவரையே கேளுங்கள், இந்த இரண்டு வருஷப் பாக்கியையும் சேர்த்து.