வாகனக் கேள்வி பதில்: எடை குறைந்த காருக்கு எந்த டயர்?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். அண்மையில் 1992ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். 1.6 லிட்டர் இன்ஜின், 14 அங்குல ரிம். டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) இன்னும் 5 மி.மீ. உயரம் இருக்கிறது. ஆனாலும் மழை பெய்தால் ரவுண்டானாவில் பின்பக்கம் வழுக்குகிறது. டயர் கடைக்காரர், ‘இந்த அளவில் நல்ல டயர் கிடைக்காது, 16 அங்குல ரிம் வாங்கி 205 மி.மீ. அகல டயர் போடுங்கள்’ என்கிறார். ரேஸ் டிராக்கில் ஓட்டும் நண்பர் ஒருவர், ‘செமி ஸ்லிக் டயர் போடு, ஒட்டிக்கொண்டு போகும்’ என்கிறார். வேலைக்குப் போய்வருவது, வார இறுதியில் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச்சாலை, இவ்வளவுதான் என் ஓட்டம். யார் சொல்வதைக் கேட்பது?

— லெஸ்டர் வாசகர்

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். முதலில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2312 என்றிருந்தால் 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே முழுமையாக இருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கிறது, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த சந்தேகம் வயதுதான். பட்டன் 5 மி.மீ. இருந்தும் மழையில் வழுக்குகிறது என்றால், பெரும்பாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். இந்த மாதிரிக் கார்கள் வருடத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்பவை. டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பர்மிங்ஹாமில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வரும் எம்எக்ஸ்-5களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பட்டனில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் உள்வாங்கிக் கொடுக்கும், இறுகியது கொடுக்காது. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியில் தலைமுடி போல வெடிப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் சட்டம் கேட்பது 1.6 மி.மீ. ஆழம் மட்டுமே, காரின் டயர் வயதைப் பற்றி அது பேசுவதில்லை. அதனால் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தேறிய டயர் என்பதை நம்பி மழையில் இறங்காதீர்கள். பத்து வயதைத் தொட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நான்கையும் கழற்றுங்கள்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். அந்த மெல்லிய டயரில் குறியீடு மூன்றே இலக்கமாக இருந்தால் அது 2000க்கு முன் செய்தது, அநேகமாகக் காரோடு வந்ததே. அதை நம்பி மோட்டார்வேயில் போகக் கூடாது.

சரி, புதுசாக எதை வாங்குவது? உங்கள் காரின் எடையிலிருந்து தொடங்குவோம். ஆயிரம் கிலோவுக்கும் குறைவான கார் அது. நீங்கள் ஏறி உட்கார்ந்தாலும் ஒரு சக்கரத்தின் மேல் வருவது சுமார் 250 கிலோதான். உங்கள் டயர் அளவு 185/60 ஆர்14, அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். அந்த டயரில் 82 என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு 475 கிலோ தாங்கும் என்று பொருள். அதாவது சாதாரண டயரே உங்கள் காருக்கு இரண்டு மடங்கு பலசாலி. இதற்கு மேலும் பலமான டயரை, எக்ஸ்எல் என்று போட்டிருப்பதை, மாட்டினால் என்ன ஆகும்? அதன் பக்கச்சுவர் கனமான காருக்காகக் கட்டப்பட்டது. உங்கள் கார் அதை வளைக்கவே வளைக்காது. மேடுபள்ளத்தில் டயர் வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் கார் மொத்தமும் குதிக்கும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? ஒரே மாடலில் எக்ஸ்எல்லும் சாதாரணமும் இருந்தால் சாதாரணத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘எக்ஸ்எல் இன்னும் ஸ்ட்ராங், அதே விலைக்குத் தருகிறேன்’ என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 185/60 ஆர்14இல் இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி சின்னக் குடும்பக் கார்களுக்கான எரிபொருள் சிக்கன டயர்கள். நிதானமாக ஓட்டுபவருக்கு அவை போதும். ஆனால் ஈரத்தில் பிடிப்பு வேண்டும் என்பவருக்குத் தேர்வு குறைவு. அதற்காக 16 அங்குலத்துக்குத் தாவ வேண்டியதில்லை. 15 போதும். மாஸ்டாவே இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் 15 அங்குல ரிம்மில் 195/50 டயர் கொடுத்தது. அந்த ரிம் உங்கள் காரிலும் உட்காரும், இரண்டுக்கும் நான்கு நட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும் 100 மி.மீ.தான். பழைய செட் ஒன்று தேடினால் கிடைக்கும்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். 185/60 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ. 195/50 ஆர்15 என்றால் 576. வித்தியாசமே இல்லை, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. கடைக்காரர் சொன்ன 16 அங்குலத்தில் 205/45 போட்டால் 591 வருகிறது. கியர் எல்லாம் கொஞ்சம் நீண்டு இழுவை குறையும், சக்கரத்தின் எடையும் கூடும். 1.6 இன்ஜினுக்கு அந்தச் சுமை தெரியும். சக்கரத்தில் ஏறும் ஒரு கிலோ, சீட்டில் ஏறும் ஒரு கிலோ மாதிரி இல்லை. அதைச் சுழற்றவும் வேண்டும், மேடு வரும்போது ஸ்பிரிங் அதைத் தூக்கி இறக்கவும் வேண்டும். இந்தக் காரின் சுகமே அதன் லேசான எடைதான், அதைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரிம் அளவை மாற்றினால், 15 அங்குலமாக இருந்தாலும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு தெரியவந்தால் தகராறு ஆகும்.

அடுத்து உங்கள் நண்பரின் செமி ஸ்லிக். டிராக்கில் அவர் சொல்வது சரி, உங்கள் சாலைக்குச் சரியில்லை. அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். எடை குறைந்த காரைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது டயரில் அவ்வளவு சூடு பிறக்காது. சாதாரணக் கோடை டயரே 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். நவம்பர் காலையில் லெஸ்டரில் வேலைக்குக் கிளம்பும்போது செமி ஸ்லிக் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போதாததற்குத் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களும் அதில் குறைவு.

தண்ணீர் விஷயத்தில் எடை குறைந்த காருக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. விமானச் சக்கரங்கள் ஈர ஓடுபாதையில் எந்த வேகத்தில் மிதக்க ஆரம்பிக்கும் என்று நாசா 1960களில் ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னது: பி.எஸ்.ஐ. அளவில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வேகம் கிடைக்கும். உங்கள் கார் லேசானது என்பதால் மாஸ்டா சொல்லும் அழுத்தமும் குறைவு, முன்னும் பின்னும் 26 பி.எஸ்.ஐ. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 53 மைல் வருகிறது, ஏறக்குறைய 85 கிலோமீட்டர். பட்டன் ஆழமாக இருந்தால் தண்ணீர் பள்ளங்கள் வழியே போய்விடும், இந்த வேகமும் உயரும். பட்டன் தேயத் தேய இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். மோட்டார்வேயில் நீங்கள் போவது 70 மைலில். அதனால்தான் சொல்கிறேன், சட்டம் 1.6 என்றாலும் உங்கள் காருக்கு 3 மி.மீ. வந்ததும் டயரை மாற்றிவிடுங்கள். தேவைக்கு மேல் அகலமான டயரும் வேண்டாம். அகலம் கூடினால் விலக்க வேண்டிய தண்ணீரும் கூடும்.

அதற்காக 36 வரை காற்றடித்துவிடலாமா என்று கேட்காதீர்கள். அழுத்தம் கூடினால் இவ்வளவு லேசான காரில் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையில் படும், வளைவில் பிடிப்பு போய்விடும். டயர் கடைகளில் எந்தக் கார் வந்தாலும் பழக்கத்தில் 32க்கு மேல் அடித்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும், டயர் ஆறிய பிறகு, நீங்களே அளந்து 26க்குக் கொண்டுவாருங்கள். அதை மட்டும் செய்துவிட்டு, ‘என் கார்தானா இது’ என்று கேட்டவர்கள் உண்டு.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். 195/50 ஆர்15இல் உங்கள் ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு யூனிராயல் ரெயின்ஸ்போர்ட். மழைக்கென்றே செய்த டயர், பக்கச்சுவர் மென்மையானது, லேசான காரில் அழகாக வேலை செய்யும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்ப வேண்டும் என்பவருக்கு அது கொஞ்சம் தொளதொளவென்று தெரியலாம். அவர்கள் டோயோ பிராக்ஸஸ் டிஆர்1 பார்க்கலாம். யோகோஹாமா ஏடி08 வகையறா டிராக் நாளுக்கானவை, உங்களுக்கு வேண்டாம். வேறு பெயர் கண்ணில் பட்டால் லேபிளில் ஈரப் பிடிப்பு ஏ அல்லது பி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எது வாங்கினாலும் நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் புதுசு, பின்னால் பழசு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பின்சக்கரம் இழுக்கும் கார் இது, மழையில் உங்களைச் சுற்றிவிடும்.

டயரில் பணத்தைப் போடுவதற்கு முன் இன்னொன்று உண்டு. என்னைக் கேட்டால் டயரின் பெயரைவிட இதுதான் முக்கியம். உங்கள் காரின் நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருக்கும். முன்னாலும் பின்னாலும் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, நுணுக்கமாகத் திருத்தலாம். திருத்துவதற்கென்று ஒவ்வொரு கீழ்க்கையிலும் நீளமான போல்ட் இருக்கிறது, அதன் தலையோடு மையம் விலகிய வட்டத் தகடு. போல்ட்டைத் திருப்பினால் தகடும் திரும்பி, கையைச் சில மில்லிமீட்டர் உள்ளே வெளியே தள்ளும். அருமையான ஏற்பாடு, ஆனால் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதை விட்டுவைப்பதில்லை. போல்ட், கையின் நுனியில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு சேர்ந்து துருப்பிடித்து ஒரே துண்டாகிவிடும். ஸ்பேனர் போட்டால் போல்ட் திரும்புகிற மாதிரியே இருக்கும். உண்மையில் திரும்புவது புஷ்ஷின் ரப்பர். ஸ்பேனரை விட்டதும் போல்ட் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். சில பட்டறைகளில் அதைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் மட்டும் ஸ்டீயரிங் ராடில் டோவை (சக்கரம் உள்ளே அல்லது வெளியே பார்த்து நிற்கும் கோணத்தை) திருத்தி ‘முடிந்தது’ என்று பில் போட்டுவிடுவார்கள்.

உங்கள் காரில் பின்பக்கம் வழுக்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பின்சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்த்து விரிந்திருந்தால் எந்த டயர் போட்டாலும் வால் ஆடும். பழைய டயரைக் கழற்றும்போது உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் தேய்ந்து கம்பி எட்டிப் பார்க்கும் நிலையில் இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போதே அந்தப் போல்ட்டுகளில் துருவை இளக்கும் எண்ணெய் அடிக்கத் தொடங்குங்கள், சில நாளுக்கு ஒரு முறை விடாமல் அடியுங்கள். அசையவில்லை என்றால் சூடு காட்ட வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் அறுத்து எடுத்துப் புது போல்ட்டும் புஷ்ஷும் போட வேண்டும். செலவுதான், ஆனால் புது டயரை ஒரே வருடத்தில் தேய்த்துக் குப்பையில் போடுவதைவிட மலிவு. அலைன்மென்ட் செய்யும்போது டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு மூட்டை வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவு லேசான காரில் ஓட்டுபவரின் எடையே அளவை மாற்றிவிடும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஜாக்கியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள், கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு இந்தக் காரின் பலவீனமான இடம், நசுங்கினால் அங்கிருந்து துரு தொடங்கும். நட்டுகளை ஏர் கன்னில் முறுக்கி விடாமல், கையால் டார்க் ரெஞ்ச் வைத்து 100 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கச் சொல்லுங்கள். முதல் நூறு மைல் நிதானமாகப் போங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், அது போக வேண்டும்.

கேள்வி: என்னிடம் இரண்டாம் தலைமுறை லோட்டஸ் எலிஸ் இருக்கிறது. முன்னால் 175, பின்னால் 225. முன் டயர் பார்க்கவே பரிதாபமாக மெலிந்து கிடக்கிறது. 195 போடலாமா?

— சர்ரே வாசகர்

பதில்: அழகுக்காக என்றால் வேண்டாம். இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, காரின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்தில். முன்னால் 175/55 ஆர்16, பின்னால் 225/45 ஆர்17 என்று லோட்டஸ் வைத்ததே, பிடிப்பின் எல்லை தாண்டும்போது முதலில் முன்பக்கம் நழுவி உங்களை எச்சரிக்க வேண்டும் என்பதற்காகத்தான். முன்பிடிப்பைக் கூட்டினால் அந்த எச்சரிக்கை குறைந்து, பின்பக்கம் திடீரென்று போகும். லோட்டஸின் இன்னொரு காரான எக்ஸீஜில் முன்னால் 195/50 ஆர்16 போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரில் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கை இருக்கிறது. 195 போட்டே ஆக வேண்டும் என்றால், எலிஸ் தெரிந்த இடத்தில் முழு அலைன்மென்ட்டையும் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். யோகோஹாமா வாங்குவதானால் எல்டிஎஸ் (LTS) என்ற குறி இருக்கிறதா பாருங்கள், அது லோட்டஸுக்காகவே செய்தது.

கேள்வி: டொரண்டோவில் புது எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன், 17 அங்குல ரிம். குளிர்காலத்திலும் ஓட்ட ஆசை. முடியுமா?

— டொரண்டோ வாசகர்

பதில்: தாராளமாக முடியும், ஆனால் காரோடு வந்த கோடை டயரில் இல்லை. மலையும் பனித்துகளும் வரைந்த குறியுள்ள டயர் நான்கு வாங்குங்கள். அதைத் தனி 16 அங்குல ரிம்மில் 195/50 அளவில் போட்டு வையுங்கள், மெல்லிய டயர்தான் பனியை வெட்டிக்கொண்டு போகும். பிரெம்போ என்ற பெரிய பிரேக் உள்ள கார் என்றால் அது அந்த ரிம்முக்குள் அடங்குகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். கழற்றிய கோடை டயர்களை உறைபனியில் வெளியே போடாமல் வீட்டுக்குள் வையுங்கள். குளிர் ஏறக்குறைய 5 டிகிரி இறங்கும்போதெல்லாம் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. குறையும், அதனால் டிசம்பர் முழுக்க அடிக்கடி காற்றுப் பாருங்கள். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டிருந்தால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. ரசீதை அனுப்பிக் கேட்டு வாங்குங்கள்.