25 டாலர் கடன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: உலகெங்கும் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கடன் கொடுக்க உதவும் கிவா என்ற இணையதளத்தில் புகைப்படம் பார்த்து, உகாண்டாவில் தையல்கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கு 25 டாலர் கடன் கொடுத்தேன். அது அவர் கைக்கே போகுமா?

பெரும்பாலும் அவர் கைக்குப் பணம் ஏற்கெனவே போயிருக்கும். உள்ளூர் நுண்கடன் (ஏழைகளுக்குச் சிறு தொகைக் கடன்) நிறுவனம்தான் அவரை விசாரித்து, கடன் கொடுத்து, படமும் எடுத்து அனுப்புகிறது. உங்கள் 25 டாலர் அந்த நிறுவனம் கொடுத்த தொகையை ஈடுகட்டப் போகிறது. 2009-ல் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் இதைப் போட்டு உடைத்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதைப்புக்குப் பணம் கேட்பவர், எங்கோ இருக்கும் நாம் மனமிரங்கும்வரை காத்திருக்க முடியுமா? ஆனால் ஒன்று, படத்தில் உள்ள முகத்தைவிட அந்த நிறுவனத்தைப் பற்றிய பக்கத்தைத்தான் நன்றாகப் படிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வட்டி வராது. அவருக்கும் வட்டியில்லாக் கடன்தானே?

இல்லை. கிவா வட்டி வாங்காது. உள்ளூர் நிறுவனம் வாங்கும். ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. கேட்டதும் கந்துவட்டி ஞாபகம் வரும். ஆனால் கடன் பத்தாயிரமோ பத்து லட்சமோ, ஊழியர் பைக்கில் போய் வசூலிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். சிறு கடனில் அந்தச் செலவு பெரிதாகத் தெரியும். அதற்காக எல்லா வட்டியும் நியாயம் என்று சொல்லவில்லை. ஒரே நாட்டில் இயங்கும் இரண்டு மூன்று நிறுவனங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: போட்ட பணம் திரும்புமா?

கிவா சொல்லும் கணக்கில் சுமார் 96 சதவீதம் திரும்புகிறது. உத்தரவாதம் கிடையாது. கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினாலும் நடுவில் உள்ள நிறுவனம் கவிழ்ந்தால் போச்சு. அந்நாட்டு நாணயம் சரிந்தால் ஒரு பகுதி உங்கள் தலையிலும் விழலாம். வெவ்வேறு நிறுவனங்களுக்குப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: இந்தியாவுக்குள்ளேயே இப்படிக் கொடுக்க வழி உண்டா?

உண்டு, 2008-ல் தொடங்கிய ரங் தே என்ற இணையதளம் போல. ரிசர்வ் வங்கியின் 2017 விதிகளின்படி இத்தகைய தளங்களில் ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் கடன் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

கேள்வி: இதனால் வறுமை ஒழியுமா?

ஹைதராபாத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் நுண்கடன் பற்றிச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. குடும்பச் செலவிலோ பிள்ளைகள் படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் அதில் கூடுதலாக முதல் போட்டார்கள். அதனால்தான் நானும் புதிதாகக் கடை திறக்கப் போகிறவரைவிட, நாலு வருடமாகக் கடை நடத்துபவருக்கே கொடுக்கிறேன்.