இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்குக்கு 10 லட்சம் கடன்: ஆற்காடு அண்ணனுக்குப் பதில்

வணக்கம் அண்ணே. 10 லட்சம் கடன் வாங்கி மகளைத் தனியார் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் சேர்ப்பதா, வேலூர் பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

10 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 13,200 ரூபாயைத் தாண்டும். படிக்கிற காலத்து வட்டி தனி. புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இது பெரிய பாரம்.

படிப்பைக் குறை சொல்லவில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிற லைனைப் பாருங்கள். ஒரு மெஷின் முன்னால் வேலை குவிந்து கிடக்கும், அடுத்த மெஷின்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஸ்டாப்வாட்சில் நேரம் எடுத்து, அந்த வேலையை இரண்டாகப் பிரித்து லைனை ஓடவைப்பதுதான் இண்டஸ்ட்ரியல்காரர் வேலை. ஆனால் அதே வேலைக்கு மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். பிறகு எதற்குக் கடன்?

கிண்டி அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். இல்லையென்றால் பாகாயம்தான். ஆசை இருந்தால் பிறகு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ.யில் அதையே எடுக்கட்டும்.

அப்புறம், பாப்பா 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டிவிடும்.