கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைப் படியுங்கள்: கிராம சபை கேள்வி-பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஓட்டு சொந்த ஊரில். கிராம சபையில் நான் பேசலாமா?

தாராளமாக. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு கூட்டம். அதில் நான்கு நாள் அரசு விடுமுறை. முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். என்ன தீர்மானம் என்றே தெரிவதில்லை. இது சரியா?

சரியில்லை. எனக்கு அதிகம் வருகிற கேள்வியும் இதுதான். அந்த அவசரத்துக்குக் காரணம் 'கோரம்', அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வந்ததற்குப் போடும் கையெழுத்தைத் தீர்மானத்துக்குச் சம்மதமாகக் காட்டிவிடும்போதுதான் ஊர் ஏமாறுகிறது.

ஒரு கூட்டத்தில் நானே பார்த்தேன். டீயும் பிஸ்கட்டும் ஒரு பக்கம் வர, தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகம் மறுபக்கம் வந்தது. பக்கத்தின் மேலே தேதி மட்டும், கீழே முப்பது கையெழுத்து, நடுவில் வெற்றுக் கோடுகள். அறுபது வயது அம்மா ஒருவர் பேனாவை மூடி, "எழுதிட்டுக் குடு தம்பி, அப்புறம் போடுறேன்" என்றார். செயலாளர் உட்கார்ந்து எழுதினார். அன்று தெருக்குழாய் தீர்மானம் ஏறியது அந்த ஒரு வார்த்தையால்தான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். காலியாக விட்ட வரிகளைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். பிறகு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறை தீர்மானம் போட்டும் சாக்கடை கட்டவில்லை. தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது யார் கையில் உள்ள வேலை என்று முதலில் பாருங்கள். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் ஊராட்சியின் பொறுப்பு. அதனால் நிதி ஒதுக்கினார்களா, மதிப்பீடு தயாரித்தார்களா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். "விரைவில் செய்து தரப்படும்" என்று எழுத விடாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மீட்டர், எந்த நிதி என்று எழுத வையுங்கள். பஸ், ரேஷன் கடை போன்றவை மாநிலத் துறைகளின் கையில். அங்கே உங்கள் தீர்மானம் ஊரின் கோரிக்கை, பலமான கோரிக்கை.

மக்கள் சபையின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி மலை உண்டு. 2013-ல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் பின்னால் நின்றது. எல்லா ஊருக்கும் அந்தப் பலம் கிடையாது. ஆனாலும் மலைக்கிராமத்து ஜனங்கள் நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

தலைவர் பதவிக்காலம் முடிந்தால் கிராம சபையும் இல்லையா?

உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. பி.டி.ஓ.க்கள், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், ஊராட்சிகளைக் கவனிக்கும் தனி அலுவலர்களானார்கள். கிராம சபைக் கூட்டம் நின்றுபோகவில்லை.

கணக்குக் கேட்டால் "ஆபீசில் வந்து பாருங்கள்" என்கிறார்கள். போனால் ஆள் இல்லை.

வரவு செலவைக் கிராம சபையிலேயே வைக்க வேண்டும். வைக்காவிட்டால், "கணக்கு வைக்கப்படவில்லை" என்று மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் மனு அனுப்புங்கள். "ஏன் ஊழல்?" என்று கேட்காதீர்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தெருவிளக்குச் செலவின் பில், வவுச்சர் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பிறகு எல்லா நகலையும் ஒன்றாகப் பின் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். கலெக்டர்தான் ஊராட்சிகளைக் கண்காணிக்கும் ஆய்வாளர். மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.